ஷட்டர் இல்லாத கடை

இந்தப் பூமியில் இதுவரை பிறந்த வியாபாரிகளை எல்லாம் ஒரு தட்டிலும், எங்கள் தெரு மொன்ஜி சாச்சாவை மறு தட்டிலும் வைத்தால் மற்றவர்கள் ஆகாயத்துக்குப் பறந்துவிடுவார்கள். ஒரே குளிர்காலத்தில் நாற்பத்தோராயிரம் பால் பாக்கெட் விற்றவர் அவர். அவர் அடுக்கிய சோப்புக் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எங்கள் ஊர் மஹ்தியாவிலிருந்து நிலாவுக்கு ஏறிப் போய், அங்கே குளித்துவிட்டு இறங்கலாம். இத்தனையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். ஒரே குறை, அந்தப் பாலை யாரும் குடித்ததில்லை. கடை கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

வெளியே அவர் முடி வெட்டுகிறவர். மீன் சந்தைக்குப் போகிற சந்தில் இரண்டு நாற்காலி போட்ட கடை. கடைக்கு மேலேயே வீடு. பக்கத்து மாடி எங்களுடையது. நான் யுஸ்ரா, வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் அதற்கு என்னைப் பிடிக்கவில்லை. என் பெயரைக் கேட்டால் தெருவில் பாதிப் பேர் முதலில் தங்கள் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அந்த விளையாட்டு உண்மையில் மொன்ஜி சாச்சாவுடையது அல்ல, அவர் மகன் இஸ்கந்தருடையது. பெயர் ‘மூலைக்கடை’. சரக்கு வரவழைத்து, அடுக்கி, கல்லாவில் உட்கார்ந்து விற்க வேண்டும். முடிவெட்டும் கடையின் பின்திரைக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, வேலை தேடுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் இஸ்கந்தர் அதில் முதலாளியாக இருந்தான். மீதி நேரம் நிறைய இருந்தது. அவன் அம்மா நஜாத் சாச்சி சும்மா விடுகிற ஆள் இல்லை. அந்த விளையாட்டின் ஆப்பை என்னை விட்டுத் தன் போனில் போடச் செய்தாள். மகன் விளையாட உட்கார்ந்தால் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

“எங்கடா இருக்கே?”

“வேலைவாய்ப்பு ஆபீஸ்லம்மா. வரிசையில நிக்கிறேன்.”

“புள்ளி பச்சையா எரியுதே. அங்க பால் பாக்கெட் அடுக்கவா விட்டிருக்காங்க?”

போன செப்டம்பரில், பக்கத்து நகரம் ஸூஸாவில் ஹோட்டல் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஸூஸாவுக்குப் போகவில்லை. பதினான்கு பேரோடு திருட்டுத்தனமாகப் படகேறி, கடலுக்கு அக்கரையில் இருக்கிற நாட்டுக்குக் கிளம்பினான். படகு போய்ச் சேரவும் இல்லை, கடல் ஒருவரையும் திருப்பித் தரவும் இல்லை. படகில் போன மற்றவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்து வைத்து, நாற்காலி போட்டு, துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தன. நஜாத் சாச்சி மட்டும், “என் வீட்டுல எவன் நாற்காலி போடுறான்னு பார்க்கிறேன்” என்று வாசலை மறித்து நின்றாள்.

சாவு விழுந்தால் எங்கள் ஊரில் கடையை மூன்று நாள் மூடுவார்கள். அதனாலேயே மொன்ஜி சாச்சாவால் கடையை மூட முடியவில்லை. திங்கட்கிழமை எல்லா முடிவெட்டும் கடைக்கும் விடுமுறை. அவர் திங்கட்கிழமையும் திறந்தார். ஷட்டர் இறங்கியிருந்தால் யாராவது ஒருத்தி படியேறிப் போய், “சேதி வந்துருச்சா நஜாத்?” என்று கேட்டுவிடுவாள். மகன் போய்விட்டான் என்பது அவருக்குத் தெரியும். ஷட்டரை இறக்கிவிட்டு மூன்று நாள் உட்கார வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதே ஆப் என் போனிலும் இருந்தது; நவம்பரில் ஒரு மத்தியானம் அதில் இஸ்கந்தரின் புள்ளி பச்சையானது. கையில் இருந்த முட்டையைக் கீழே போட்டேன். அடுத்த நொடி பக்கத்து மாடியிலிருந்து குலவைச் சத்தம். நஜாத் சாச்சி பால்கனியில் நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இருக்கான்! என் புள்ள இருக்கான்! பேச விடாம எங்கயோ அடைச்சு வச்சிருக்காங்க!” என்று தெருவுக்கே சொன்னாள்.

அவள் காலுக்கு நேர் கீழே, திரைக்குப் பின்னால், மொன்ஜி சாச்சா மவுஸில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மகன் கடைசியாக எதை அடுக்கினான் என்று பார்க்கத்தான் திறந்தாராம். பெண்கள் கால் வைக்காத கடை அது; சாச்சிக்கு எப்படித் தெரியும்? குலவை கேட்ட பிறகு அவர்தான் எப்படிச் சொல்வார்? சொல்லவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. அன்று முதல் தினமும் ஒரு மணிக்குத் திரைக்குள் போனார், மகன் பெயரில் கடை திறந்தார். மேலே சாச்சி புள்ளியைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டாள். இப்போது அவருக்கு மூட முடியாத கடை இரண்டு.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவர் எழுதினார். விளையாடுகிறவர்கள் தங்கள் கருத்தைப் போடுகிற பக்கம் ஒன்று உண்டு; புள்ளியைத் தவிர எதையும் பார்க்காத சாச்சிக்கு அது தெரியாது. அங்கே எல்லோரும் ‘சூப்பர்’, ‘குப்பை’ என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்வார்கள். இஸ்கந்தர் பெயரில் டிசம்பரில் இப்படி ஒன்று வந்தது:

‘பரிந்துரைக்கவில்லை. நான் விளையாடிய நேரம் 96 மணி. இந்தக் கடைக்கு வருகிற யாரும் சலாம் சொல்வதில்லை. ஒரு பெண் தினமும் பால் வாங்குகிறாள், இதுவரை என் பெயரைக் கேட்கவில்லை. ஹரிஸா மிளகாய் விழுது டப்பாவே இல்லை. நான் முடி வெட்டுகிறவன். ஒரு தலையை இரண்டு முறை வெட்டினால் அந்த வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று எனக்குத் தெரிந்துவிடும். இது வியாபாரமே இல்லை.’

இரண்டு முறை படித்தேன். எனக்கு அழத் தெரியாது, சீண்டத்தான் தெரியும். ஒரு பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கிக் கீழே பதில் போட்டேன்:

‘ஐயா, நான் ஜெர்மனியிலிருந்து குந்தர். மெஷின் மொழிபெயர்ப்பில் எழுதுகிறேன். எங்கள் ஊரில் பால் வாங்குகிறவள் பெயர் கேட்டால் போலீஸைக் கூப்பிடுவோம். உங்களுக்கு என்ன குறை?’

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: ‘குந்தர் மகனே, உங்கள் ஊர் நிலைமையைக் கேட்டு வருந்துகிறேன். உன் தாய்க்கு என் சலாம் சொல்.’

அதன் பிறகு அவரை விட முடியவில்லை. அவர் கருத்து எழுதுவார், குந்தர் வம்பு பண்ணுவான். ஒவ்வொரு பதிலிலும் குந்தரின் தாயை விசாரிப்பார். வேறு வழியில்லாமல் அவளுக்கு ஒரு முழங்கால் வலியைக் கொடுத்தேன். ஆலிவ் எண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடு பண்ணி, உப்புப் போட்டுத் தேய்க்கச் சொன்னார். இல்லாத கிழவிக்கு இரண்டு வாரத்தில் வலி குறைந்தது.

மே மாதம் அவர் எழுதியது இது:

‘பரிந்துரைக்கவில்லை. 604 மணி. இந்தக் கடைக்கு ஷட்டர் இல்லை. திறந்தால்தான் நாள் முடிகிறது, முடிந்தால் மறுபடி திறக்கச் சொல்கிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் இந்தக் கடைக்காரன் என்ன செய்வான்? மூன்று நாள் போதும், அதற்கு மேல் கேட்கவில்லை. ஷட்டர் வைத்துக் கொடுத்தால் பரிந்துரைக்கிறேன்.’

அந்தப் பக்கத்தில் கருத்துக்குக் கீழே சிரிப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். இருநூற்றாறு பேர் சிரித்திருந்தார்கள். அதில் கடைசி ஆள் நான். ‘ஷட்டர் இல்லை’ என்று பார்த்ததுமே பழக்கத்தில் அழுத்திவிட்டுத்தான் மீதியைப் படித்தேன். அழுத்திய சிரிப்பைத் திரும்ப எடுக்க முடியும். எடுத்தேன். இருநூற்றைந்து பேர் எடுக்கவில்லை.

அந்த விளையாட்டுக்கு வேண்டியதை விளையாடுகிறவர்களே செய்து சேர்க்கலாம். தெரிந்தவர்கள் அரை நாளில் செய்வார்களாம். எனக்குப் பதினோரு நாள் ஆனது. எவனோ புரியாத பாஷையில் பேசுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். முதல் ஷட்டர் படுக்கை வசத்தில் வந்து வாடிக்கையாளர்களை இடுப்போடு வெட்டியது. இரண்டாவது ஒழுங்காக இறங்கியது, ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கூரையில் ஏறி வரிசை கட்டினார்கள். மூன்றாவது சரியாக வந்தது. எங்கள் சந்தின் கடைகள் போல நீலம். நடுவில் ஓர் அட்டை. அதில் ‘சாவு’ என்று எழுதக் கை வரவில்லை. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக மூன்று நாள் கடை இல்லை’ என்று போட்டேன். வருகிறவர்கள் அட்டைக்கு முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அது நான் செய்ததா, அவர்கள் அங்கே சிக்கிக்கொண்டார்களா என்று இன்றுவரை தெரியாது. அப்படியே விட்டுவிட்டேன். கடையும் மூடியிருக்கும், புள்ளியும் எரியும். என் மூளைக்கு நானே முத்தம் கொடுத்துக்கொண்டேன்.

‘ஐயா, எங்கள் தெருவில் ஷட்டர் கிடைத்தது. எடுத்துக்கொள்ளுங்கள். குந்தர்.’

புதன்கிழமை ஒரு மணிக்குப் புள்ளி எரிந்தது. அந்த விளையாட்டில் ஒரு நாள் என்பது ஒரு மணி நேரம். நான் எதிர்ப்படியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். முடி வெட்ட வந்த இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்து, திரைக்குப் பின்னால் கேட்ட சத்தத்தில் சொல்லாமல் திரும்பிப் போனார்கள். பேர் சொல்லி அழுகிற சத்தம் இல்லை. கனமான எதையோ தனியாகத் தூக்குகிறவர் மூச்சு விடுவாரே, அப்படி.

நாலு மணிக்கு ஷட்டர் தானாக ஏறியது. அப்படித்தான் செய்திருந்தேன், மூன்று நாள் என்றால் மூன்று நாள். வாடிக்கையாளர்கள் பாலுக்கும் சோப்புக்கும் உள்ளே நுழைந்திருப்பார்கள். என் போனில் அவருடைய கருத்து மாறியது: ‘பரிந்துரைக்கிறேன்.’ அவ்வளவுதான். நாலு மணி இரண்டு நிமிஷத்துக்குப் புள்ளி சாம்பல் நிறமானது.

வியாழன் எரியவில்லை. வெள்ளி எரியவில்லை.

சனிக்கிழமை காலை என் தம்பியை முடி வெட்டக் கூட்டிப் போனேன். சாக்குத்தான், அவனுக்கு வெட்டிப் பத்து நாள்கூட ஆகவில்லை. நாற்காலியில் மீன்காரர் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தார். நான் வழக்கம்போல வாசலில் நின்றேன். நஜாத் சாச்சி மாடிப்படியில் இறங்கி வந்தாள். வீட்டில் போடுகிற பிளாஸ்டிக் செருப்போடு.

“யுஸ்ரா, இந்த போனைப் பாருடி. கெட்டுப் போச்சு. ரெண்டு நாளா அவன் புள்ளி வரல.”

பொய் சொல்வதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. அன்றைக்குச் செய்தது இவ்வளவுதான்: போனை வாங்கிப் பாவாடையில் துடைத்தேன்.

“துடைச்சா வருமா, கழுதே!” என்று பிடுங்கிக்கொண்டு நேராகக் கடைக்குள் போனாள். மீன்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். மொன்ஜி சாச்சா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, சவரக்கத்தியை மடக்கினார்.

“நஜாத். அது நான்.”

“எது நீங்க?”

“புள்ளி. நவம்பர்லேர்ந்து. அவன் கம்ப்யூட்டர்ல நான்தான் உக்காந்திருந்தேன்.”

சாச்சி திரையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

“ஜனவரில எனக்குக் காய்ச்சல் வந்துதே. அன்னைக்கு முழுக்க எரிஞ்சுதே?”

“நான்தான். நீ பார்த்துக்கிட்டே இருந்தே. எந்திரிக்க முடியல.”

“பெருநாள் அன்னைக்கு?”

“நான்தான்.”

“அவன் பொறந்த நாளுக்கு ரெண்டு தடவை எரிஞ்சுது. எனக்குச் சொல்றான்னு நினைச்சேன்.”

“கரண்ட் போயிட்டு வந்துச்சு, நஜாத்.”

சாச்சி தலையை ஆட்டினாள், விலை கேட்டுவிட்டுப் படியாதபோது ஆட்டுகிற மாதிரி. பிறகு எங்கள் எல்லோரையும், என் தம்பியைக்கூட, ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டாள்:

“அப்ப அவன் எங்க?”

மீன்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நுரையில் கோடு விழுந்தது.

சாச்சிதான் மறுபடி பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

“அவருக்கு நுரை காயுது. முடிச்சு அனுப்புங்க. அப்புறம் கடையை மூடுங்க.” வாசல் வரை போய்த் திரும்பினாள். “அந்த வார்த்தையை மட்டும் எழுதி மாட்டக் கூடாது. என் கண்ணுல பட்டுச்சு, கிழிச்சுப் போட்டுருவேன்.”

படியில் செருப்புச் சத்தம் நான்கு படி ஏறியது, நின்றது, பிறகு ஏறியது.

மீன்காரர் காசு கொடுக்கப் பார்த்தார், சாச்சா வாங்கவில்லை. அவர் சாச்சாவின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனார். சாச்சா பிளேடு வந்த பெட்டி ஒன்றைக் கிழித்து அட்டையாக்கி, மார்க்கர் பேனாவோடு என்னிடம் நீட்டினார்.

“இந்தா, புள்ள. நீ எழுது. சாவுன்னு போடாதே. குடும்பச் சூழ்நிலைன்னு போடு. மூணு நாள்.”

சுவரில் வைத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

“சூழ்நிலைக்கு இந்த எழுத்தா?”

“சரியாத்தானே இருக்கு சாச்சா.”

எங்கள் அரபியில் ஒரே ஓசைக்கு இரண்டு எழுத்து. ஒன்றுக்குத் தலையில் கம்பு நிற்கும், இன்னொன்றுக்கு நிற்காது. வாயால் சொன்னால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, தாளில்தான் மாட்டிக்கொள்வோம்.

“கம்பு வரணும். புதன்கிழமை அந்த ஷட்டர்லயும் இதே இடத்துல கம்பு இல்ல.”

“அது மெஷின் மொழிபெயர்ப்பு, சாச்சா, அதான்…” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அழுது சிவந்த கண்ணால் என்னையே பார்த்தார்.

“மெஷின் அர்த்தத்தைத்தான் கொல்லும், எழுத்தைக் கொல்லாது” என்று மார்க்கரை மறுபடி என் கையில் வைத்தார். “கம்பைப் போட்டுக் குடு, குந்தர்.”