கமலவேணியின் வலது தோள்

செய்தி வந்தபோது வாசிகசாலை வளவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் முழங்காலைச் சற்று மடித்து, ஒரு பானையை அணைத்திருப்பதுபோல வயிற்றுக்கு முன்னால் கைகளை வைத்துக்கொண்டு நின்றோம். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, எங்களுக்கு இதைப் பழக்கிய வேணி ஆசுபத்திரியில் கிடந்த கிழமை அது. தான் இல்லையென்று ஒருத்தரும் பயிற்சியை விடக்கூடாது என்று கட்டளை அனுப்பியிருந்தார். ஆகையால் நின்றோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு வந்து என் காதில் சொன்னது. நான் கைகளை இறக்கவில்லை. மூச்சை எடுத்து, மெல்ல விட்டு, அந்தச் சுற்றை முடித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சொன்னேன். நடுவில் குழப்பியிருந்தால் வேணி ஏசியிருப்பார்.

செத்த வீட்டில், கொட்டகைக்குள் கதிரையில் சாய்ந்திருந்த ஒரு பெரிய மனிதர் பக்கத்திலிருந்தவரிடம் அங்கலாய்த்தார். இந்த ரீச்சர் இவ்வளவு காலமாக விடியற்காலையில் கையை ஆட்டி மூச்சு விட்டும் முதுகு நிமிரவில்லையே, கடைசியில் கோணலோடுதானே போனார் என்றார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கும் ஒருநாள் இதுபோல நினைவுப் புத்தகம், எங்கள் பேச்சில் கல்வெட்டு, எழுத வேண்டிவரும், எழுதப்போவதும் நான்தான். ஐயர் கிரியையைத் தொடங்கிவிட்டபடியால் அன்று வாயை அடக்கிக்கொண்டேன். அடக்கினதை எல்லாம் இந்தப் பக்கங்களில் கொட்டுகிறேன்.

அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது சந்தியில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகை. கனடாவில் இருக்கும் தம்பி குகன் அனுப்பிய பழைய படமொன்றைச் சுன்னாகத்து ஸ்ரூடியோ ஒன்றில் கொம்பியூட்டரில் போட்டு, வலது தோளை வெட்டி இறக்கி, இடது தோளை ஏற்றி, கழுத்தை நிமிர்த்தி, வேணி வாழ்நாளில் உடுத்தாத பச்சைக் காஞ்சிபுரத்தையும் உடுத்திவிட்டிருந்தார்கள். மருதனார்மடச் சந்தியில் அதைப் பார்த்து, யாரப்பா இது என்று நானே நின்றுவிட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் இந்தக் கல்வெட்டின் அட்டையிலும் அதே படம்தான் வரவேண்டும் என்று குகன் முடிவு செய்திருந்தார். எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். எங்கள் ஊரில் தமிழ் படிப்பித்தவர்களுக்கு இது தப்பாத தண்டனை. அந்தப் படம் அட்டையில் வந்தால் உள்ளே ஒரு எழுத்தும் எழுத மாட்டேன் என்றேன். அங்கேதான் சண்டை தொடங்கியது.

உங்களில் பலர் வேணியிடம் விலங்கியல் படித்தவர்கள். ஆய்வுகூடத்து எலும்புக்கூட்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முள்ளந்தண்டுப் பாடம் வந்த அன்று எலும்புக்கூட்டைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, தானும் அதற்குப் பக்கத்தில் போய் நிற்பார். எப்போது சிரிப்பது, எப்போது சிரிக்கக்கூடாது என்று தெரியாமல் பிள்ளைகள் முழிப்பார்கள். அடுத்த வகுப்பில் இலக்கணம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அவர் குரல் சுவரைத் தாண்டிக் கேட்கும்.

"பக்கத்திலை நிண்டு பார்த்தால் உலகத்திலை ஒருத்தற்றை முள்ளந்தண்டும் நேரில்லை. என்ரை முள்ளந்தண்டு முன்னாலை நிண்டு பார்த்தாலும் நேரில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். எழுதுங்கோ."

இந்தத் துணிவு அவரோடு கூடப் பிறந்ததில்லை. பெரியபிள்ளையான காலத்திலிருந்து அவருடைய தாயார் ஒவ்வொரு சட்டையிலும் இடது தோளுக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொடுத்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு தோளும் ஒரு மட்டமாகத் தெரியவேண்டுமாம். வந்தவர்கள் பஞ்சையும் கண்டுபிடித்தார்கள், போயும் விட்டார்கள். கலியாணப் பேச்சு நின்றது, பஞ்சு நிற்கவில்லை. தாயார் கண்மூடிய பிறகும், படிப்பிக்க வரும் நாளெல்லாம் வேணி அதை வைத்துக்கொண்டுதான் வந்தார். ஐப்பசி மழையில் நனைந்து வருகிற நாட்களில் பஞ்சு ஊறிக் கனக்கும். அதோடேயே நாள் முழுக்கப் படிப்பிப்பார். கேட்டால் கதையை மாற்றுவார்.

மாற்றம் வந்தது கனடாவில், ஸ்காபரோவில். குகனின் மனைவிக்கு ஒரு சத்திரசிகிச்சை, வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று வேணி லீவு எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் காலையில் சீனத்து வயோதிபர்கள் கூடி மெதுவாகக் கையசைத்து ஒரு பயிற்சி செய்வார்கள். சீகொங் என்று அதற்குப் பெயர். உடம்பில் ஓடும் உயிர்ச்சக்தியை மூச்சாலும் அசைவாலும் ஓடவிடுவது என்று அவர்கள் சொல்வார்கள். வேலை முடிந்த நேரத்தில் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேணியை ஒரு கிழவி கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாவாம். முதல்நாள் அந்தக் கிழவியும் எல்லோரையும்போல வலது தோளை அமத்தி இறக்கப் பார்த்தா. தோள் இறங்கினது, வேணிக்கு மூச்சு நின்றது. கிழவி சட்டென்று கையை எடுத்துவிட்டு, சுற்றிவந்து முதுகைப் பார்த்து, நெரிபட்டுக் கிடந்த இடது விலா எலும்புகளில் உள்ளங்கையை வைத்து, இங்கே மூச்சை எடு என்று சைகை காட்டினா. அதற்குப் பிறகு தோளைத் தொடவேயில்லை. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. தன் உடம்பைத் திருத்த வராமல் தொட்ட முதல் ஆள் அந்தக் கிழவிதான் என்று வேணி என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

திரும்பி வந்த வேணி பஞ்சில்லாத சட்டையோடு பள்ளிக்கூடம் வந்தார். ஆசிரியர் அறையே அவர் தோளைப் பார்த்தது. "என்ன பாக்கிறியள், பஞ்சு தலாணிக்குள்ளை போட்டுது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார். அடுத்த நாளிலிருந்து வாசிகசாலை வளவில் தனியே நிற்கத் தொடங்கினார். நான் என் முழங்கால் நோவோடு போய்ச் சேர்ந்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

வேணி விஞ்ஞானம் படிப்பித்தவர், சக்தி என்ற சொல்லை லேசில் விழுங்க மாட்டார். ஒருநாள் நேரடியாகவே கேட்டேன், உண்மையில் ஏதாவது ஓடுகிறதா என்று.

"சக்தியோ ரத்த ஓட்டமோ எனக்குத் தெரியாது அக்கா. உள்ளங்கை சுடுகுது. மூச்சு இடப்பக்கத்து அடி வரைக்கும் போகுது. அங்கை முந்தி ஒருநாளும் போனதில்லை. எனக்கு அது காணும், வேறை வேண்டாம்."

கிளினிக்குக்கும் தவறாமல் போவார், மூச்சுக்கு இழுக்கிற மருந்தும் பையில் இருக்கும். ஒன்றைச் செய்தால் மற்றதை விடவேண்டும் என்று சொன்னவர்களை முட்டாள்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

கோயில் மண்டபத்தில் யோகாசன வகுப்பு எடுக்க வந்த மாஸ்டர் ஒருவரை மறக்க முடியாது. வேணியை முன்வரிசையில் கண்டதும், முள்ளந்தண்டு நேராக இருந்தால்தான் சக்தி மேலே ஏறும், நீங்கள் ஓரமாக இருந்து பார்த்தால் போதும் என்று மரியாதையாகச் சொன்னார். மண்டபம் நிறையத் தோட்டக்காரச் சனம். வேணி எழும்பி அவர்கள் பக்கம் திரும்பினார். "வெங்காயத் தறைக்குத் தண்ணி வாய்க்காலிலை வளைஞ்சு வளைஞ்சு போகேக்கை, நேராய் வந்தால்தான் நனைவன் எண்டு எந்தப் பாத்தியாவது சொன்னதோ?" என்று கேட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் பாவம், அவரும் சிரித்தார். வேணி முன்வரிசையை விட்டு அசையவில்லை.

அவர் பெயர் பரவப் பரவ, பிள்ளைகளின் முதுகை நிமிர்த்தித் தரச்சொல்லித் தென்மராட்சியிலிருந்தெல்லாம் தாய்மார் வந்தார்கள். நிமிராது என்றுதான் எல்லோருக்கும் முதல் சொல்லாகச் சொல்வார். நம்பிக்கையாக நாலு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். பொய் சொல்லி நிற்கவைத்தால் அந்தப் பிள்ளை நாளும் பொழுதும் கண்ணாடியைப் பார்த்து ஏங்கும், மூச்சை மறந்துவிடும் என்பார். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். யூடியூப்காரப் பெடியன் ஒருவன் கமராவோடு வந்து, கோணல் முதுகை நிமிர்த்தும் அதிசயப் பயிற்சி என்று போடுவோம், செய்யமுதல் ஒரு படம், செய்தபிறகு ஒரு படம் வேண்டும் என்று கேட்டான். "முதலும் இதுதான் தம்பி, பிறகும் இதுதான். ரெண்டையும் இப்பவே எடும்" என்று வேணி திரும்பி நின்று முதுகைக் காட்டினார். அவன் போன வழி தெரியவில்லை.

இப்படிப்பட்ட மனுஷியைத்தான் ஸ்ரூடியோவில் நேராக்கி வைத்திருந்தார்கள். அதன் பலனையும் கேளுங்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அவரிடம் படித்த ஒரு பிள்ளை, இப்போது தாதியாக வேலை செய்கிறவள், விம்மிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் போகும்போது சந்தியில் பதாகையைக் கண்டவள்தான். பெயரை வாசித்திருக்கிறாள், படத்தைப் பார்த்திருக்கிறாள், இது வேறு யாரோ கமலவேணி ரீச்சர் என்று நினைத்து நிம்மதியாக வேலைக்குப் போயிருக்கிறாள். கடைசியாக முகம் பார்க்க அவளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அன்று பின்னேரமே குகனுக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன். வாசிகசாலை வளவில் வேணி நிற்கும்போது நான் எடுத்த படம் ஒன்று என் போனில் இருக்கிறது, அதைத்தான் போடவேண்டும் என்றேன். குகன் கெட்டவர் இல்லை. சின்ன வயதில் தமக்கையைக் கூனி என்று கத்தின பெடியனின் பல்லை உடைத்தவர். என்னிடம் மனதைத் திறந்தார்.

"அக்கா, உங்களிட்டை மறைச்சு என்ன. எங்கடை மகள் மீராவுக்குக் கலியாணம் பேசுறம். கல்வெட்டு லண்டன், ஜேர்மனி எல்லா இடமும் போகும். பரம்பரையிலை முதுகு வருத்தம் எண்டு சனம் கதைக்கும்."

"உம்மடை அக்கா செத்தும் பஞ்சு வைச்சுத்தான் இருக்க வேணுமோ குகன்?" என்று கேட்டேன்.

அவர் போனை வைத்துவிட்டார். அச்சகத்தில் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் எழுதாவிட்டால் வேறு யாரிடமாவது எழுதி வாங்கி, அந்தப் பச்சைச் சேலைக்காரியை அட்டையில் போட்டு வீடு வீடாகக் கொடுத்துவிடுவார்கள். பிறகு வேணி என்றால் அந்தப் படம்தான். பள்ளிக்கூடத்து விறாந்தையில், வாசிகசாலை வளவில், ஒரு பக்கம் உயர்ந்த தோளோடு எங்களுக்கு நடுவில் நடந்தவரை இன்னும் பத்து வருஷத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

மறுநாள் கனடா நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது குகன் இல்லை, மீரா. முப்பதை எட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை, அங்கே நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். தமிழ் கொஞ்சம் தடக்கித் தடக்கி வந்தது.

"அன்ரி, என்ரை முதுகும் மாமியின்ரை மாதிரித்தான். அப்பா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பள்ளிக்கூட நாளிலை எனக்கு இடுப்பிலையிருந்து கழுத்து மட்டும் கவசம் போட்டிருந்தது. மாமி இஞ்சை வந்து நிண்ட காலம், காலமை அதைக் கழட்டிப்போட்டு என்னையும் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போவா. நான் இப்பவும் நிக்கிறன்."

கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்று மீரா கேட்டாள். ஓம் என்றேன்.

"நீங்கள் எடுத்த படத்தை எனக்கு அனுப்புங்கோ அன்ரி. கலியாணம் பேசுற ஆக்களுக்கு என்ரை படத்தோடை அதையும் சேர்த்து அனுப்பப் போறன். பார்த்திட்டு வாறவர் வரட்டும்."

பின்னேரம் குகனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பிள்ளை சொல்கிறபடி செய்யுங்கள் என்று ஒரே வசனம். அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. நான் அன்றே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

வேணி, நீர் இல்லாமல் விடியற்காலை வெறுமையாக இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். அசைவுகளின் ஒழுங்கு எனக்கு இன்னும் பிழைக்கிறது, திருத்த ஆளில்லை. உம்மிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த ஒழுங்கை அல்ல. நல்ல மனதோடுதான் என்றாலும், எங்களை நேராக்க நீளுகிற கையைத் தட்டிவிடலாம், தட்டிவிட்டு அதே இடத்தில் நின்று மூச்சு விடலாம் என்று காட்டினீர். எனக்கு அது காணும்.

நேற்று அச்சகத்துத் தம்பி கூப்பிட்டார். நல்ல பிள்ளை. அட்டைப் படத்தில் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது, பார்க்க வடிவாக இல்லை, இரண்டு நிமிட வேலை, மட்டமாக்கி விடட்டுமா என்று கேட்டார். தொட வேண்டாம் என்றேன். ஆகவே இந்தக் கல்வெட்டைக் கையில் எடுக்கிற எல்லோருக்கும், கொட்டகைக்குள் சாய்ந்திருந்த அந்தப் பெரிய மனிதருக்கும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன். அட்டையில் இருப்பவர் எங்கள் கமலவேணி. வலது தோள் உயர்ந்திருக்கிறது. அது அச்சுப்பிழை அல்ல.