நரிக்கு முன்னால் போனவன்

முன்பின் தெரியாத நிலத்தில் நரி தேடிப் போகிறவனை, நரியைத் தவிர எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அடுத்தவர் வேலியோரம் நின்று விளக்கம் சொல்லிப் பழகியவர்களுக்கு என் பாடு புரியும். எழுபதுகளில் ஜெர்மனியின் ஹனோவரில் நான் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி மாணவன். சுற்றுவட்டாரத்தில் நரிகளால் ரேபிஸ் பரவிக்கொண்டிருந்தது. வேட்டைக்காரர்கள் சுட வருவதற்கு முன்பே போய், வளை எங்கே, காற்று எந்தப் பக்கம், எங்கே உட்காரலாம் என்று பார்த்துவைப்பது என் வேலை.

அனுமதி

முதல் பண்ணையில் கதவைத் தட்டி, மனப்பாடம் செய்த ஜெர்மனில், "உங்கள் நிலத்தில் நரி பார்க்க அனுமதி வேண்டும்" என்றேன். பண்ணைக்காரர் என் கம்பளிக் குல்லாயிலிருந்து சேறு படிந்த பூட்ஸ் வரை நிதானமாகப் பார்த்தார். எந்த ஊர் என்றார். இந்தியா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"ஏன், அங்கே புலியெல்லாம் தீர்ந்துபோச்சா?"

பரண்

ஒரு காட்டோரம் நல்ல இடம் பிடித்தேன். புதுமண் தள்ளிய வளை, வாசலில் கோழி இறகு. வளையிலிருந்து நம் பக்கம் காற்று வீசியதால் நம் வாடை நரிக்குப் போகாது. வேட்டைச் சங்கத் தலைவர் பச்சைத் தொப்பியோடு வந்து பார்த்தார். இங்கே ஈரம் அதிகம் என்று சொல்லி, எல்லோரையும் எதிர்ப்புறத்துப் பரணில் ஏற்றினார். அங்கிருந்து காற்று அவருடைய சுருட்டு வாசனையையும் சேர்த்துக்கொண்டு நேரே வளைக்குப் போனது. நான் காட்டிய இடத்தை உரசிக்கொண்டு நரி நழுவிப் போனதை எல்லோரும் பார்த்தோம். குண்டு எட்டாத தூரம். தலைவர் சுருட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்த நரிக்கு ஒழுங்கு தெரியவில்லை."

யார் வீட்டு நரி

இன்னொரு பண்ணைக்காரர் வேலிக்குள் கால் வைக்கவே விடவில்லை. தன் நிலத்தில் நரி கிடையாது என்றார். ரோட்டில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகலில் அவர் முற்றத்துக்கு ஒரு நரி தள்ளாடி வந்தது. வாயோரம் நுரை. ஆளைக் கண்டும் ஓடவில்லை. பசி போலிருக்கிறது என்று அவர் மனைவி பால் கிண்ணத்தோடு அதன் முன்னால் குனிந்தார். எனக்கு ஜெர்மன் மொத்தமும் மறந்துபோயிற்று. "கிட்டே போகாதீங்கம்மா" என்று தமிழிலேயே கத்தினேன். வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரிந்திருக்க வேண்டும். கிண்ணத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார். பண்ணைக்காரர் ஜன்னல் வழியாக நரியைச் சுட்டார்.

பரிசோதனையில் ரேபிஸ்தான் என்று உறுதியானது. சொல்லப் போனபோது அந்த அம்மாள் என் கையைப் பிடித்தவர் விடவில்லை. பண்ணைக்காரர் மட்டும் அசையாமல் வேலிப் பக்கம் கை காட்டினார்:

"அது பக்கத்து நிலத்து நரி."

நரி எந்த வழியாகப் போகும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் போதுமானதாக இருந்தது; மனிதர் எந்த வழியாகப் போகவிடுவார் என்பது நான் ஊர் திரும்பும்வரை பிடிபடவில்லை.