சாக்குக்குள் இருந்த சூடு

நெடுந்தீவுப் படகில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு விஞ்ஞான ரீச்சர். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. எதையும் தொட்டுப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. என் சாக்கையும் தொட்டுப் பார்த்தார்.

"என்ன அண்ணை இது?"

"சுட்ட சுண்ணாம்புக் கல்லு. கோயிலுக்கு வெள்ளையடிக்க. அங்கை போய்த்தான் தண்ணி விட்டு நீத்திச் சுண்ணாம்பாக்கவேணும்."

நடுக்கடலில் ஓர் அலை உள்ளே அடித்தது. சற்று நேரத்தில் சாக்கு புகைந்தது. அடியில் இருந்த பலகை கருகி மணத்தது. தண்ணீர் பட்டால் அந்தக் கல் கொதிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் புகையைக் கண்டதும் என் கை தண்ணீர் வாளியைத்தான் தூக்கியது.

ரீச்சர் வாளியைப் பறித்தார். "ஊத்தினால் படகே எரிஞ்சுபோம். சாக்கைக் கடலுக்குள்ளை தள்ளுங்கோ."

"கோயில் சாமான், ரீச்சர்."

"அப்ப நாங்கள் என்ன சாமான்? தள்ளுங்கோ அண்ணை."

துடுப்பால் நெம்பி இருவருமாகத் தள்ளினோம். விழுந்த இடத்தில் கடல் கொதித்துச் சீறியது. காலையில் குளிர்ந்த கல்லாகத்தான் அதைத் தோளில் சுமந்து வந்திருந்தேன்.

"இவ்வளவு சூடும் எங்கை கிடந்தது, ரீச்சர்?"

"சூளையிலை வாங்கின சூடுதான். தண்ணியோடை சேர்ந்து வேறை பொருளாய் மாறேக்கை அதை வெளியிலை விடுது." கருகிய பலகையைத் தொட்டுப் பார்த்தார். "வகுப்பிலை ஒரு கரண்டிதான் போட்டுக் காட்டுறனான். இப்பிடி நான் கண்டதேயில்லை."

சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தவர், இறங்குதுறை வரும்வரை விடவில்லை. விடுங்கோ என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.