பத்து நாற்காலி போட்ட பெயர்நாள்

அந்த வருடம் ஜனவரி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்கு மதியம் ஒரு மணிக்கு, பத்துப் பேர் உட்காரும் மேசை வேண்டும் என்று பானி கெனோவெஃபா சொல்லியிருந்தார். 'பானி' என்பது எங்கள் மொழியில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

சொன்னது என்னிடம்தான். சிகாகோவில் அப்பாவும் அம்மாவும் நடத்தும் பஃபே கடையில் ஞாயிறுதோறும் வாசலில் நின்று ஆட்களை உட்காரவைப்பது என் பொறுப்பு. வார நாட்களில் நான் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவன். கடலுக்கு அப்பால், சொந்த நாட்டு மலையடிவாரக் கிராமத்தில் உருளைக்கிழங்கு தோண்டிய எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதை அப்பா சட்டம் போட்டு சூப்புப் பானைக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஆவி பட்டு அதன் கண்ணாடி எப்போதும் மங்கலாகவே இருக்கும்.

"பத்துப் பேரா?" என்று கேட்டேன்.

"பத்து. குறைஞ்சா பரவால்ல. கூடினா உங்கப்பாகிட்ட ஒரு பெஞ்சு கேட்டுக்கலாம்."

"யார் யார் வர்றாங்க பானி?"

"அது எனக்கு எப்படிடா தெரியும்?"

கேட்டது என் தவறு. ஜனவரி மூன்று கெனோவெஃபா என்ற புனிதையின் நாள். ஆகவே இவருடைய பெயர்நாள். அந்த நாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் பெரியவர்கள் பிறந்தநாளைவிடப் பெயர்நாளைத்தான் கொண்டாடுவார்கள். பெயர்நாளுக்கு அழைப்பு கிடையாது. பெயருக்கு உரியவர் மேசை விரித்துக் காத்திருப்பார்; ஞாபகம் இருப்பவர்கள் தாங்களாக வருவார்கள். வாயைத் திறந்து "வாங்க" என்று சொல்லிவிட்டால், வந்தவர்கள் ஞாபகத்தால் வந்தார்களா, அழைத்ததால் வந்தார்களா என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

இருபத்து மூன்று வருடத்தில் அவர் மேசை விரித்ததே இல்லை. விரிக்க வீடு இருந்தால்தானே? நாற்பத்தைந்து வயதில் இங்கே வந்தவர், வந்த மாதத்திலிருந்தே வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதலில் ஒரு நீதிபதியின் விதவை. பிறகு காது கேட்காத பல் வைத்தியர். அப்புறம் இரட்டையர்களான இரண்டு கன்னிக் கிழவிகள், ஒருத்தி போய் பதினொரு நாளில் இன்னொருத்தி. இப்படி ஏழு பேர். ஏழு பேருக்கும் கடைசியாகத் தலை வாரிவிட்டது இவர் கைதான். தங்கியது மாடியறை, தையலறை, ஒருமுறை சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில். ஊரில் கணவர் இறந்தபோது போக முடியவில்லை. போனால் திரும்பி வருவதற்குக் காகிதம் இல்லை. மகன் நார்வேயில் கப்பல் கட்டும் இடத்தில் இருக்கிறான். பண்டிகைக்குக் கைபேசியில் பூப்படம் அனுப்புவான்.

ஆனால் மற்றவர்களின் பெயர்நாள் எதையும் அவர் விட்டதில்லை. தினமும் தாள் கிழிக்கும் நாட்காட்டி ஒன்றை எந்த வீட்டுக்குப் போனாலும் கையோடு எடுத்துப்போவார். பிப்ரவரியில் அப்போலோனியா, ஆகஸ்டில் எங்கள் அப்பா லுத்விக், செப்டம்பரில் தையல்காரி ரெகீனா என்று அதில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கும். கசகசா கேக்கும் ஒற்றைப்படையில் பூவுமாக, விடுப்புக் கேட்டோ கேட்காமலோ, பேருந்து மாறி மாறி வந்து நிற்பார். ஒரு வருடம் அப்பாவுக்கே தன் பெயர்நாள் மறந்துவிட்டது. கதவைத் திறந்து, "என்ன பானி, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

இப்போது அறுபத்தெட்டு வயது. அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தோடு வேலையை விட்டுவிட்டு, ஒரு வீட்டின் நிலவறையில் குடியேறியிருந்தார். இரண்டு பேர் எதிரெதிராக நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டிய இடம். அதனால்தான் எங்கள் கடை. இடம் மாறியது பிறருக்குத் தெரிய வேண்டும், ஆனால் அழைத்ததாகவும் ஆகக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன்பே, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் வாசலில் ஒவ்வொருவரிடமும், "மூணாந்தேதி ஒரு மணிக்கு நான் பஃபேலதான் இருப்பேன்" என்று சொல்லிவைத்தார். "நல்லது, அங்க வாத்து நல்லா இருக்கும்" என்று பதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று பன்னிரண்டே முக்காலுக்கே வந்துவிட்டார். முடியைச் சுருட்டிவிட்டிருந்தார். பச்சைக் கம்பளி உடை, காலில் பனிக்காலணி. கைப்பையிலிருந்து வேறு செருப்பை எடுத்து மாற்றிக்கொண்டார். பத்து இடத்துக்கும் காகிதக் கைத்துண்டைத் தன் கையாலேயே மடித்து வைத்தார். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தட்டு எடுக்கவில்லை. விருந்தாளி வராமல் விருந்து வைப்பவர் சாப்பிடுவதில்லை.

ஒன்றரைக்கு நண்பகல் பூசைக் கூட்டம் வந்து இறங்கியது. ஞாயிறு என்றால் எங்கள் கடையில் மூச்சுவிட இடம் இருக்காது. புளித்த முட்டைக்கோஸ் வாசனையும் ஈர மேலங்கி வாசனையும் கலந்து கண்ணாடியெல்லாம் வியர்த்து நிற்கும். உருளைக்கிழங்கு அடைத் தட்டு வைத்த வேகத்தில் காலியாகும். அன்று வாசலுக்கு வெளியே பனியில் பதினான்கு பேர் நின்றார்கள்.

அப்பா கரண்டியோடு வந்தார். "ஒரு ஆளுக்குப் பத்து நாற்காலி! நிக்கிறவங்ககிட்ட நான் என்ன சொல்ல?"

"லுத்விக்," என்றார் அம்மா, "போன வருஷம் உன் பெயர்நாளுக்கு மொத ஆளா வந்தது யாரு?"

"அவங்கதான்."

"அப்ப வாயை மூடிட்டு சூப்பை ஊத்து."

கொஞ்ச நேரத்தில் மூன்று குழந்தைகளோடு வந்த ஒரு கூரைவேலைக்காரர் பானி கெனோவெஃபாவின் மேசைக்குப் போய் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்தார். "இதுக்கு ஆள் இருக்கா?"

"இருக்கு. வந்துக்கிட்டிருக்காங்க."

ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவர். அவருக்கும் அதே பதில். மூன்றாவதாக ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து நின்றபோது பானி கெனோவெஃபா வாசலை ஒருதரம் பார்த்தார். "எடுத்துக்க மகளே. ஒம்பது போதும்."

அதன்பிறகு நாற்காலிகள் போக ஆரம்பித்தன. கூரைவேலைக்காரருக்கு இரண்டு. ஞானஸ்நானம் முடித்து வந்த ஒரு கூட்டத்துக்கு மூன்று. இன்னும் இரண்டு யார் யாருக்கோ. ஒவ்வொரு நாற்காலி போகும்போதும் அதற்கு நேரே இருந்த கைத்துண்டை எடுத்துத் தன் பக்கம் அடுக்கிக்கொண்டார். நான் வாசலில் ஆட்களை எண்ணுவது போலப் பாவனை செய்துகொண்டு நின்றேன். உள்ளே வந்த ஒவ்வொருவரின் குல்லாவும் கழன்று முகம் தெரியும்வரை பானி கெனோவெஃபாவின் பார்வை அவர்மேலேயே இருந்தது. முகம் தெரிந்ததும் விலகிவிடும்.

என் அம்மா போகுமிலா தாங்காமல் போய்ப் பக்கத்தில் நின்றார். "நாங்க மூணு பேரும் உக்காரட்டுமா பானி? அடுப்பை உதவிக்கு வர்ற பொண்ணு பாத்துக்குவா."

"நீ மேசை போட்டவ, போகுமிலா. அதனால உனக்குத் தெரியும். அது ஞாபகம் இல்ல."

"ஒரு போன் போட்டுச் சொல்லலாமே. மறந்திருப்பாங்க, அவ்வளவுதான். பண்டிகை முடிஞ்ச அசதி."

"கல்யாணத்துக்குத்தான் ஆள் கூப்பிடுவாங்க" என்றார் அவர். "என் பேருக்கு வேண்டாம்."

அம்மா சமையலறைக்குப் போனார். மாவுக் கையோடு கைபேசியைத் தேடியதை நான் பார்த்தேன். யாரை அழைத்தார், என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசினார், அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு மேசையில் இரண்டு நாற்காலிகள்தான் மிச்சம். ஒன்றில் அவர். இன்னொன்றுக்காக ஒரு தடித்த மனிதர் வந்தார், தன் மேலங்கியைப் போட்டுவைக்க.

"ஆள் வருதா?"

பானி கெனோவெஃபா வாசலைப் பார்க்கவில்லை. "இல்ல. எடுத்துக்குங்க" என்றார்.

பிறகு கைத்துண்டுகளை நேராக்கினார். கைப்பையைத் திறந்து பனிக்காலணி இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் போகவில்லை. அன்று எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

மூன்றரைக்குக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தையல்காரி ரெகீனா வந்தார். எழுபத்தொரு வயது, ஒரு முழங்கால் இரும்பு. தொப்பியெல்லாம் பனி. என்னைத் தாண்டி நேராக மேசைக்குப் போனார்.

"அடியே கெனோவெஃபா! நூறு வயசு இரு. இந்தா." நீட்டியது ஒரு சாக்லேட் பெட்டி. "ரெண்டு குறையுது. பேருந்து வரவே இல்ல, பசி. எங்கடி உக்காறது? பெயர்நாள் மேசையில நாற்காலி இல்லையா? நின்னுக்கிட்டா தின்பாங்க?"

பானி கெனோவெஃபா எழுந்தார். முகத்தில் வந்த சிவப்பு கழுத்துவரை இறங்கியது. "ரெகீனா... உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

சமையலறைக் கதவில் அம்மா, உதட்டில் விரலை வைத்து ரெகீனாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ரெகீனா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மேலங்கியின் பொத்தானைக் கழற்றினார்.

"பொய் சொல்லச் சொல்றா அங்க நிக்கிறவ. எனக்கு ஞாபகம் இல்லடி. போகுமிலா போன் பண்ணினா. நான் சாய்வு நாற்காலில தூங்கிட்டு இருந்தேன்."

அம்மா கதவிலிருந்து மறைந்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள்கூடக் கரண்டியை நிறுத்தினார்கள்.

"அப்ப எதுக்கு வந்த?" பானி கெனோவெஃபாவின் குரல் மெல்லியதாக இருந்தது.

"பதிமூணு வருஷம் செப்டம்பர்ல நீ என் கதவைத் தட்டியிருக்க. ஒரு வருஷமாவது உனக்கு எந்த மாசம்னு நான் கேட்டேனா? கேக்கல. போன்ல கேட்டதும் வெக்கமா இருந்துச்சு. வீட்ல உக்காந்திருந்தா இன்னும் வெக்கம். அதான் ரெண்டு பேருந்து மாறி வந்தேன்." முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "ஞாபகம் போச்சுடி எனக்கு. கால்தான் மிச்சம், அதுலயும் ஒண்ணு கடையில வாங்கினது. கணக்குல வராதுன்னா சொல்லு, திரும்பிப் போறேன். நாலு மணிப் பேருந்து இருக்கு."

கணக்கில் வருமா வராதா என்பதை பானி கெனோவெஃபாதான் தீர்மானிக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் வெறும் மேசையில் அவர் காத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பதிலுக்காக. அந்தப் பதில் வந்துவிட்டது: அவரை யாருக்கும் ஞாபகம் இல்லை. அதற்கு எதிரே, பனி சொட்ட, ஒரு கிழவி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

பானி கெனோவெஃபா மடியிலிருந்து விழுந்த பிளாஸ்டிக் பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார். நான் ஒரு நாற்காலி தேடி எடுத்துவரத் திரும்பினேன்.

"நீ இரு" என்றார்.

தானே போனார். அந்தத் தடித்த மனிதரின் மேசைக்கு முன்னால் நின்றார். அவர் தட்டில் வாத்துக்கால் இருந்தது.

"ஐயா, உங்க மேலங்கியை எடுங்க. நாற்காலி எனக்கு வேணும்."

"இப்பத்தானே ஆள் வராதுன்னு சொன்னீங்க?"

"அப்போ சொன்னேன். இப்போ என் விருந்தாளி நின்னுக்கிட்டிருக்காங்க."

குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. அந்த மனிதர் மேலங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியை நான் தூக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டு, தரையில் கிறீச்சிட இழுத்துக்கொண்டு பானி கெனோவெஃபாவே வந்தார். ரெகீனாவை உட்காரவைத்து இரண்டு தட்டுகளோடு பஃபே வரிசையில் போய் நின்றார்.

திரும்பி வரும்போது ஒரு தட்டில் முட்டைக்கோஸ் சுருள், வாத்து, பீட்ரூட் எல்லாம் மலைபோல் இருந்தன. மற்றதில் ஒரேயொரு உருளைக்கிழங்கு அடை.

"இதென்னடி, எனக்கு மட்டும் இவ்வளவு?" என்றார் ரெகீனா.

"பத்துப் பேருக்கு மேசை சொல்லிட்டேன். நீ ஒருத்திதான் வந்திருக்க. சாப்பிடு."

ரெகீனா முள்கரண்டியை எடுத்தார். முதல் வாய் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பானி கெனோவெஃபா தன் அடையை இரண்டாக வெட்டினார்.