மண்ணு மேடத்தின் மங்கல் வட்டம்

தன் அக்காள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே அவள் ரோஜாத்தொட்டியருகே குந்திவிட்டாள். கரண்டியால் வேரடியில் ஒரு தோண்டு. பிளாஸ்டிக் பையில் ஒரு கொட்டு.

"வீட்டுக்கு வந்தா மனுஷங்களையும் கொஞ்சம் பாக்கணும்மா," என்றார் அக்காள் கணவர்.

"உங்களை அப்புறம் பாக்கறேன் மாமா. நீங்க எங்க ஓடிடப்போறீங்க? மண்ணு காஞ்சிடும்."

ஆய்வகத்தில் அவளுக்கு 'மண்ணு மேடம்' என்று பெயர். நிலாவுக்கு அனுப்பினாலும் ராக்கெட் நிற்பதற்குள் குதித்து ஒரு கரண்டி அள்ளிவிட்டுத்தான் கொடி நடுவாள். அவள் தேடுவது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸை. மண்ணைக் கரைத்து வடிகட்டி, அந்த நீரைப் பாக்டீரியாவோடு சூடான கூழில் கலந்து, உறைவதற்குத் தட்டில் ஊற்றுவாள். மறுநாள் பாக்டீரியா பாலாடைபோலப் படர்ந்திருக்கும். வைரஸ் மேய்ந்த இடம் மட்டும் குண்டூசித் தலையளவு ஓட்டையாகத் தெரியும். அதைக் குத்தியெடுத்து மறுபடி வளர்ப்பாள். எல்லா ஓட்டைகளும் ஒரே சாடையில் வரும்வரை விடமாட்டாள். மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவள் இவ்வளவு சலித்தெடுக்கவில்லை என்பது அக்காளின் குறை.

ரோஜா மண்ணில் ஒரு வைரஸ் சிக்கியது. ஆய்வகத்தில் அடுத்த மேசைக்காரர் தட்டை எட்டிப் பார்த்தார். வருஷக்கணக்காக ஒரே வைரஸை வளர்த்து வருபவர். அதற்கும் இதே பாக்டீரியாதான் தீனி.

"இது ரோஜாவுல வந்தது இல்லம்மா. என் ஆளு. காத்துல தாவி வந்திருக்கான்."

அப்படி நடப்பதுண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி தெறித்தால் போதும். மரபணுவை முழுக்கப் படித்துப் பார்த்துவிடலாம் என்றார் ஆய்வகத் தலைவி. மேசைக்காரருடைய வைரஸ் என்று தெரிந்தால் தட்டுகள் எல்லாம் குப்பைக்கு. மண்ணு மேடம் தன் மேசையைக் காலிசெய்துவிட்டு, அவர் வைரஸ் வளர்க்கும் பக்கத்து அறைக்கு, அவருக்கு உதவியாளராக.

அவள் அசரவில்லை. "உங்க ஆளோட ஓட்டை மொட்டை சார். என்னோடதைச் சுத்தி மங்கலா ஒரு வட்டம் இருக்கு. என் பிள்ளை முகம் எனக்குத் தெரியாதா?"

கூழ் கெட்டியாகிவிட்டால் எவனுக்கும் வட்டம் வரும் என்றார் அவர். அதற்கு அவள் சீட்டியடித்தாள். அந்த வாரம் முழுக்க அடித்த சீட்டியில் ஆய்வக ஃப்ரிட்ஜே தாளம் போட்டதாகப் பேச்சு.

முடிவு வந்தது. துண்டு துண்டாகப் படித்த மரபணு எழுத்துகளைக் கணினி ஒட்டிச் சேர்த்திருந்தது. கலப்படமில்லாத ஒரே நீள இழை. அவருடைய வைரஸின் இழையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டுமில்லை உறவுமில்லை. தலைவி இரண்டு முறை படித்தார். மேசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "என் ஆளு இல்லதான்," என்றார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார்," என்றாள், கூரை கேட்கும்படி.

எல்லோரும் போனதும் மேசைக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் காலால் இழுத்தாள். நேற்று மாலை ஆளில்லாத நேரத்தில் இழுப்பறையைக் காலிசெய்து, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, நாடா ஒட்டி வைத்திருந்தாள். நாடாவைக் கிழித்து, காபிக் கோப்பையை வெளியே எடுத்து, மேசையில் அதன் பழைய கறைமேல் பொருத்தி வைத்தாள்.