பத்து நிமிடத்துக்கு ஓர் அறை

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் குடியிருப்பைக் கட்டியவர்களுக்குக் கற்பனை கொஞ்சம் குறைவு. கைவசம் நான்கே வரைபடங்கள். அந்த நான்கையும் இடம் வலமாகத் திருப்பிப் போட்டு எட்டாக்கி, தெருத் தெருவாகக் கட்டி விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி என் வீடே இன்னொரு முறை நின்றுகொண்டிருந்தது. அதே செங்கல், அதே வடக்குப் பார்த்த வாசல், அதே மாடி சன்னல். எங்களுக்கு கராஜ் வலப்பக்கம், அவர்களுக்கு இடப்பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த நாட்டில் நான் முதன்முதலாக வேலை செய்தது அந்த வீட்டில்தான்.

வேலை என்று சொல்ல அப்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஈரோட்டிலிருந்து கல்யாணமாகி வந்தபோது மென்பொருள் சோதனையில் நான்கு வருட அனுபவம் இருந்தது. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். பதினோரு வருடம் போகவில்லை. கிரீன் கார்டு வந்து, இனி போகலாம் என்றபோது, நான் சோதித்த மென்பொருளே உலகத்தில் இல்லை. எனக்கும் அதன்மேல் ஆசை இல்லை. கணவரின் நண்பர் ஒருவருடைய கம்பெனியில் மே மாதம் ஆள் எடுப்பதாக இருந்தார்கள். "டெஸ்டிங்தான். கண்ண மூடிட்டுச் சேர்ந்துரு" என்றார் கணவர். கண்ணை மூடிக்கொண்டு சேர்வதற்கு எதற்கு ஒரு வேலை, வீட்டிலேயே தூங்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் ஆன்லைனில் உள்ளலங்காரப் படிப்பில் சேர்ந்தேன்.

"தலகாணி உறை மாத்தறதுக்கு ஒரு கோர்ஸா?" என்றார்.

"ஆமாங்க. முதல்ல உங்க தலகாணியத்தான் மாத்தப் போறேன்."

சிரித்தார். பிறகு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஹூஸ்டனில் சின்ன டிசைன் ஸ்டூடியோ நடத்தும் ஒரு பெண்மணி, சான்றிதழ்ப் படிப்பை முடித்து, நிஜமான ஒருவருக்கு நிஜமாகச் செய்த ஓர் அறையோடு வந்தால் உதவியாளராகச் சேர்த்துக்கொள்வதாக எனக்கு எழுதியிருந்தார். மே மாதத்துக்குள் அது நடக்க வேண்டும். நடக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் டெஸ்டிங். வீம்புக்குச் சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு ராச்சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் படிப்பு என்னை என்னவோ செய்தது. செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பது மணிக்குத் திரையில் பன்னிரண்டு முகங்கள், நடுவில் சிரிக்கவே சிரிக்காத ஓர் ஆசிரியை. மற்ற நேரமெல்லாம் நான் பாதி மிதந்துகொண்டிருந்தேன். மளிகைக் கடையில் பருப்பு எடுக்கப் போனால், கூரையிலிருந்து விழும் வெளிச்சம் தரையில் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். கோயிலில் தீபாராதனை நேரத்தில் தூணுக்கும் தூணுக்கும் எத்தனை அடி இருக்கும் என்று மனம் அளக்கும். சாமி கோபித்துக்கொண்டிருக்காது என்று நம்புகிறேன். பச்சை, சாம்பல், வெண்ணெய் நிறம் என்று வண்ண அட்டைகளை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்து, காலையில் ஒரு மாதிரியும் மத்தியானம் ஒரு மாதிரியும் அவை மாறுவதைப் பார்ப்பேன். எத்தனையோ வருடமாக என்னைக் கடந்துபோன வெளிச்சம் அது. அப்போதுதான் எனக்கென்று வந்த மாதிரி இருந்தது.

கடைசிப் பாடத்துக்கு நிஜ ஆள் வேண்டுமே. இரண்டு தெரு தள்ளி, என் வீட்டின் அந்த மறுபதிப்பில் குடியிருந்த அக்காவைக் கேட்டேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், சென்னைக்காரர். ஹூஸ்டனில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். தமிழ்ப் பள்ளிக்கு என் பெண்ணையும் அவருடைய இரண்டு பையன்களையும் மாற்றி மாற்றிக் கூட்டிப் போவதில் எங்களுக்குப் பழக்கம்.

"எனக்கு உக்கார ஒரு இடம் வேணும், அவ்ளோதான்" என்றார். "எப்படி வேணா பண்ணு. என்னை ஒண்ணும் கேக்காத, எனக்கு டைம் இல்ல. இந்தா சாவி."

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, காலை எட்டு மணிவாக்கில் அளவுநாடாவோடு போவேன். உள்ளே நுழைந்ததும் கை விளக்கைத் தேடி இடப்பக்கம் போகும். சுவிட்ச் வலப்பக்கம் இருக்கும். படிக்கட்டு வேறு பக்கமாகத் திரும்பி ஏறும். சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனால் கால்கள் நேரே ஃப்ரிட்ஜுக்குப் பதிலாகச் சுவரிடம் கொண்டுபோய் நிறுத்தும். என் வீட்டுக்குள்ளேயே கனவில் நடப்பது மாதிரி இருக்கும். ஆள் இல்லாத அந்த வீட்டில் சத்தமில்லாமல் நடந்துகொண்டே, இந்தப் பக்கமாகத் திரும்பியிருந்தால் நானும் காலையில் ஆறு மணிக்குக் கிளம்பும் ஒருத்தியாக இருந்திருப்பேனோ என்று நினைப்பேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காபிக் குவளை, என்னை எதிர்பார்த்துக்கொண்டு எங்கோ ஒரு கட்டடம். பொறாமைதான். இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அளக்கப் போனவள் பல நாட்கள் அளக்காமலே அரைமணி நேரம் நின்றுவிட்டு வருவேன்.

இரண்டு வீட்டிலும் முன்பக்க மூலையில், மூன்று சன்னல்களுக்கு நடுவே ஒரு சின்ன இடம் உண்டு. எங்கள் வீட்டில் அங்கே அரிசி மூட்டையும் பையனில்லாத வீட்டுக்கு யாரோ பரிசளித்த கால்பந்து வலையும் கிடந்தன. அக்கா உட்கார அதுதான் இடம் என்று முடிவு செய்தேன். என் வீட்டு வரைபடம் முதல் பாடத்துக்காகவே கணினியில் தயாராக இருந்தது. அதன் மேலேயே வேலையைத் தொடங்கினேன். சாய்வு நாற்காலி, கால் வைக்க ஒரு முக்காலி, சுவரில் வெளிர் பச்சை, சன்னலில் மெல்லிய பருத்தித் திரை, அதன் வழியாக இளங்காலை வெயில். வெயிலை மட்டும் மூன்று நாள் வரைந்தேன். முடித்ததும் படத்தை இடம் வலமாகத் திருப்ப ஒரு பொத்தான், அவ்வளவுதான். அக்காவின் வீடு தயார்.

பள்ளிவிட்டு வந்த என் பெண் எட்டிப் பார்த்தாள். "அம்மா, திஸ் இஸ் ஜஸ்ட் நம்ம ஹவுஸ்."

"இல்ல கண்ணு, அவங்க வீடு. கராஜ் எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை வகுப்பில் என் படம் திரை முழுவதும் விரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆசிரியை படத்தையும் அதன் ஓரத்திலிருந்த வடக்குக் குறியையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் படத்தில் மணி என்ன?" என்று கேட்டார்.

"காலை எட்டு" என்றேன் பெருமையாக.

"உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் சூரியன் மேற்கே உதிக்கிறதா?"

பொத்தானை அமுக்கியபோது வீட்டோடு சேர்ந்து சூரியனும் திரும்பியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த மூலை கிழக்கே பார்க்கும். அக்கா வீட்டில் மேற்கே. வீடு வாங்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்பு அக்னி மூலையில் இருக்கிறதா என்று அந்த ஏஜென்ட்டின் உயிரை எடுத்தவள் நான். திரையில் எல்லோரும் மைக்கை அணைத்திருந்ததால், அத்தனை கட்டங்களிலும் வாய்கள் மட்டும் சத்தமில்லாமல் சிரித்தன. சத்தத்தோடு சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை.

ஆசிரியை சிரிக்கவில்லை. "அதை விடுங்கள். எட்டு மணிக்கு அவர் வீட்டில் இருப்பாரா?" என்றார்.

இருக்க மாட்டார். எட்டு மணிக்கு அந்த வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதான். நாற்காலியில் அளவுக்காக வரைந்திருந்த ஆள் உருவத்துக்குக் கொண்டை கூட என்னுடையது. மற்றொருத்திக்கு இடம் தேடப் போய், எனக்கு வேண்டியதை வரைந்து அவர் வீட்டில் போட்டிருந்தேன். அழுகை வந்தது, கேமராவை அணைத்துவிட்டு அழுதேன். திருத்தித் தர இரண்டு வாரம் கொடுத்தார்கள். மூன்று வரைபடங்களும், அந்த இடத்தை வாடிக்கையாளர் பயன்படுத்தும் ஒரு புகைப்படமும் வேண்டும். அதோடு மே மாதம் வந்துவிடும். ஸ்டூடியோ விஷயம் ஆசிரியைக்கும் தெரியும்.

மறுநாள் முதன்முறையாகச் சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். பையன்கள் ஹாலில் வீடியோ கேமில் இருந்தார்கள். நான் வரைந்த மூலையில், நான் வரைந்த நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். டெக்சஸ் மேற்கு வெயில் பல்லைக் காட்டியது. ஐந்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிட்டது. நாள் முழுக்கக் குழல்விளக்குக்கு அடியில் நின்று வருகிறவரை இங்கே உட்காரவைக்கப் பார்த்தோமே என்று இருந்தது.

கராஜ் கதவு ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. அக்கா வந்துவிட்டார். இந்த ஊரில் வாசல் வழியாக வருவது விருந்தாளிகள்தான்; வீட்டுக்காரர்கள் கராஜிலிருந்து சலவை அறை வழியாகத்தான் உள்ளே வருவார்கள். காத்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, ஆள் வரவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தேன்.

சலவை அறையின் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. உள்ளே, கவிழ்த்துப் போட்ட துணிக்கூடையின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றவில்லை. துணி உலர்த்தும் ட்ரையர் ஓடிக்கொண்டிருந்தது, அதில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். ஒரு காலை நீட்டிக் கதவை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

"அக்கா?"

"ஷ்... பசங்களுக்கு நான் வந்தது தெரியாது. ஒரு பத்து நிமிஷம் இங்க உக்காந்துட்டுதான் உள்ள போவேன். டெய்லி." கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கு ஒரு குட்டி போயிடுச்சு மா" என்றார். "அத மனசுல தூக்கிட்டு அப்படியே கிச்சனுக்குள்ள எப்படிப் போறது, சொல்லு."

காலை நேரத்தில் அந்த வீட்டில் நடந்தபடி நான் பொறாமைப்பட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவரே கண்ணைத் திறந்து, "அந்தக் கதவு இருக்கே, உள்பக்கமா தொறக்குது. நான் உக்காந்தா சாத்தவே முடியல. யாராவது வந்துருவாங்களோன்னு பாத்துட்டே இருக்கணும்" என்றார். இரண்டு மாதமாக நாடாவும் கையுமாக அலைந்தவளுக்கு, எனக்கு வேண்டிய குறிப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்தது.

சலவை அறையை யாரும் இறுதிப் பாடமாகக் கொடுப்பதில்லை. ஹால், படுக்கையறை, மிஞ்சிப்போனால் சமையலறை. அது தெரிந்தும் அந்த ஐந்தடிக்கு எட்டடியைத்தான் வரைந்தேன். இந்த முறை எதையும் திருப்பிப் போடவில்லை. தரையில் முட்டி போட்டு ஒவ்வோர் அங்குலமாக அளந்தேன். வரைபடத்தில் கதவு என்பது ஒரு கோடும் அது நகரும் கால்வட்டமும்தான். அந்தக் கால்வட்டத்தை அறைக்குள்ளிருந்து எடுத்து வெளியே நடைவழிப் பக்கம் வைத்தேன். கிடைத்த இடத்தில், ட்ரையரை ஒட்டி ஒரு பெஞ்சு. ஆள் நுழைந்ததும் தானாகப் பளிச்சென்று எரியும் விளக்கை எடுத்துவிட்டு, உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் சின்ன விளக்கு ஒன்று. சுவருக்கு இருண்ட நீலம். பலகை வெட்ட என் கணவரே ரம்பத்தோடு வந்தார். தலையணை உறை பற்றி அன்று ஒன்றும் பேசவில்லை. பெஞ்சின் உயரத்தை மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

புதன்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. மறுநாள் காலை மதிப்பீடு. புகைப்படம் ஒன்றுதான் பாக்கி. கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு நடைவழியில் நின்றேன். கராஜ் கதவு இறங்கியது. அக்கா உள்ளே வந்தார், சுவரைப் பார்த்தார், பெஞ்சைத் தடவினார், உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார். நான் கேமராவைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்த மாதிரியே தெரியவில்லை. கையை நீட்டிக் கதவை இழுத்தார். கதவு மெதுவாக, முழுவதுமாக, என் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

தட்டலாமா என்று யோசித்தேன். ஒரே ஒரு படம், அதற்குள் என் சான்றிதழும் ஸ்டூடியோவும் மே மாதமும் இருந்தன. கையைத் தூக்கினேன். உள்ளே ட்ரையர் ஓடும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் எதுவும் இல்லை. கையை இறக்கிவிட்டு, சாத்திய கதவைப் படம் எடுத்தேன்.

மறுநாள் காலை ஆசிரியை என் மூன்று வரைபடங்களையும் பெரிதாக்கிப் பார்த்தார். நான்காவதாக அந்தப் படம் வந்தது. வெள்ளைக் கதவு, ஒரு கைப்பிடி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பன்னிரண்டு கட்டங்களிலும் முகங்கள் திரையை நெருங்கின.

"அறை எங்கே?" என்றார்.

"வாடிக்கையாளர் உள்ளே இருக்கிறார்" என்றேன்.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தப் படத்தை மட்டும் தன் சிபாரிசு என்று சொல்லி அந்த ஹூஸ்டன் ஸ்டூடியோவுக்கு அனுப்பச் சொன்னார்.