நண்டின் கடைசிப் பக்கம்

யூபெமியா கலேடோ பிலிப்பைன்ஸின் பனாய் தீவில் கடலோரப் பள்ளி ஒன்றில் முப்பத்தொன்பது வருடம் இரண்டாம் வகுப்பு எடுத்தார். அரசாங்கக் காகிதத்தில் அவர் பதவி 'ஆசிரியர் ஒன்று'. இருப்பதிலேயே கீழ்ப்படி. சேர்ந்த அன்றைக்கும் அதுதான். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டாகி, மூன்றாகி, கொரிந்தா என்பவள் தலைமையாசிரியையாகவே ஆகிவிட்டாள். 'ஆசிரியர் மூன்று' ஆகாமல் ஓய்வு பெறுவதில்லை என்று யூபெமியா தீர்மானித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

அதற்கு மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்து பார்க்கும் பாடத்தில் 'மிகச் சிறப்பு' வாங்க வேண்டும். இரண்டு தடவை தவறிப்போயிற்று. இருபத்தெட்டாம் வருடம், மூன்றாம் தடவைக்குக் கதைப்புத்தகப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தார். பாதிக் கதையை வாசித்து நிறுத்துவது, மீதியைப் பிள்ளைகள் எழுதுவது.

பள்ளியிலிருந்த கதைப்புத்தகம் உள்ளங்கை அகலம், பிள்ளைகள் முப்பத்தெட்டு பேர். ஆகவே பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் கதையைப் பெரிதாக எழுதிப் படம் வரைந்து மீன்வலை நூலால் தைத்தார். முதுகுச் சங்கு சிறிதாகிப்போன நண்டு ஒன்று புது வீடு தேடுகிற கதை. முன்பக்கம் நண்டு. பின்பக்கம் பழைய மேயர், புத்தாண்டு வாழ்த்தோடு.

மேற்பார்வையாளர் வியாழக்கிழமை வருவார். எல்லோரையும் போல யூபெமியாவும் திங்கட்கிழமையே ஒத்திகையைத் தொடங்கினார். முப்பத்தெட்டு முடிவுகள் வந்தன. டூல்செ கராய் என்ற சிறுமி எழுதியதில் நண்டுக்கு ஒரு மத்தி மீன் டப்பா கிடைக்கிறது. உள்ளே ஏற்கெனவே வேறொரு நண்டு. அதனால் இது வெளியே உட்கார்ந்துகொள்கிறது.

"அப்புறம்?" என்றார் யூபெமியா.

"அவ்வளவுதான் மேடம். உக்காந்திருக்கு."

"எவ்வளவு நாளைக்குடி உக்காந்திருக்கும்?"

"உள்ள இருக்கறது பெரிசாகி வேற வீடு போற வரைக்கும்."

"இதெல்லாம் ஒரு முடிவா?"

டூல்செ யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை யூபெமியா ஒரு நல்ல முடிவைப் பலகையில் எழுதிப்போட்டார். நண்டு தேங்காய்ச் சிரட்டையில் குடியேறி நண்பர்களை விருந்துக்குக் கூப்பிடுகிறது. புதன்கிழமை வகுப்பு முழுக்க மனப்பாடம்.

கையும் தூக்கிப் பழகினார்கள். கேள்வி கேட்டால் எல்லாரும் தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது, தெரியாவிட்டால் இடது. இதுவும் அந்தப் பள்ளிக்குப் புதிதில்லை.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் திருமதி பல்மாரெஸ் பின்வரிசையில், அவர் உயரத்துக்கு ஒவ்வாத குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். யூபெமியா நன்றாக வாசித்தார். அலை மாதிரிக்கூட ஒரு சத்தம் கொடுத்தார். நடுவில் நிறுத்தி, "இப்போ நண்டு என்ன செய்யும்?" என்று கேட்டார். முப்பத்தெட்டு கைகள் எழுந்தன. அதில் ஒன்றுதான் இடது.

"நானே ஒருத்தியக் கேக்கறேனே," என்றார் திருமதி பல்மாரெஸ். "இந்தப் பொண்ணு சொல்லட்டும்."

டூல்செ எழுந்தாள். "மேடம், நான் இடது கை."

"அதனால என்னம்மா?"

"இடது கையக் கூப்பிட மாட்டாங்க."

திறந்திருந்த புத்தகத்தில் மேயர் இருந்த பக்கம் திருமதி பல்மாரெஸ் முகத்துக்கு நேராக இருந்தது. அவர் புத்தாண்டு வாழ்த்தைப் படித்து முடித்தார். பிறகு, "உனக்குத் தெரியாதா?" என்றார்.

"சிரட்டை முடிவு தெரியும் மேடம். அது செவ்வாய்க்கிழமையோடது. என்னோடது திங்கக்கிழமை. அது சரியில்லைன்னாங்க."

'வகுப்பு ஒத்திகை பார்க்கப்பட்டது போலிருந்தது. ஒரு மாணவி நீங்கலாக,' என்று அறிக்கை வந்தது. 'மிகச் சிறப்பு' இல்லை. மதிப்பீடு: திருப்தி.

யூபெமியா டூல்செயைத் திட்டவில்லை. ஒரு வாரம் அவள் பக்கம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை காலண்டர் புத்தகத்தில் கதையின் முடிவு இருந்த கடைசித் தாளைப் பிரித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் தாள் ஒன்றைத் தைத்தார்.

மறுவருடம் கொரிந்தா அவர் வகுப்புக்கே வந்தாள்.

"அக்கா, பல்மாரெஸ் மேடம் மறுபடி வர்றாங்க. ரெண்டு நாளாவது ஒத்திகை பாருங்க. ஒரே ஒரு முடிவு போதும்."

"பாக்க மாட்டேன்."

"வேற யாருக்காகவும் சொல்லல, உங்களுக்காகத்தான்."

"தெரியுது. போய் உன் வேலையப் பாரு, இண்டாய்," என்றார் யூபெமியா, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி.

ஒத்திகை இல்லாத வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் பெயர் மட்டும் எழுதினார்கள். இருவர் அழுதார்கள். ஒருவன் நண்டைக் குழம்பு வைத்துவிட்டான். மதிப்பீடு: திருப்தி. யூபெமியா எல்லாத் தாள்களையும், பெயர் மட்டும் இருந்தவற்றையும் சேர்த்துத்தான், தைத்து வாசிப்பு மூலையில் தொங்கவிட்டார். அடுத்தடுத்த வகுப்புகள் அதைத்தான் அதிகம் எடுத்து வாசித்தன. குழம்புப் பக்கம் முதலில் கிழிந்தது. இப்படிப் பத்து வருடம், பத்துப் புத்தகம், பத்துத் 'திருப்தி'.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கொடிக்குக் கீழேயே விழுந்து இறந்துபோனார்.

துக்க வீட்டு வாசலில் பேனர் கட்டினார்கள். நல்ல புகைப்படம். அதன் கீழே பெயர், பிறகு 'ஆசிரியர் மூன்று'. வந்தவர்கள் காபி குடித்து, பிஸ்கட் தின்று, அந்த ஊர் வழக்கப்படி சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே சீட்டாடினார்கள். தட்டு ஏந்திக்கொண்டிருந்த டூல்செ, அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது, கொரிந்தாவிடம் வந்து நின்றாள்.

"மேடம், பேனர்ல தப்பா இருக்கு. மூணுன்னு போட்டிருக்காங்க. அவங்க ஒண்ணுதானே?"

"நான்தான் போடச் சொன்னேன்."

"யாராவது கேட்டா?"

"யாருடி கேப்பா? நீ ஒருத்திதான் கேப்ப. போ, அந்த மேசைக்கு பிஸ்கட் தீந்துபோச்சு."

டூல்செ பேனரை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு பிஸ்கட் எடுக்கப் போனாள்.

அடக்கம் முடிந்த பின் பேனரை யாரும் எறியவில்லை. நல்ல கெட்டியான சீலை. அந்த ஜூலை மழையில் இரண்டாம் வகுப்பின் வாசிப்பு மூலை ஒழுகியபோது, கொரிந்தா அதைக் கூரைக்கு அடியில், எழுத்து கீழே பார்க்கும்படி கட்டச் செய்தாள். பிள்ளைகள் பாயில் மல்லாந்து படுத்து அதை எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள். பெயரில் தடுமாறுகிறார்கள். 'மூன்று' என்பதை எல்லோரும் சரியாக வாசித்துவிடுகிறார்கள்.